கியர்பாக்ஸின் அதிர்வைக் கண்காணிக்க எந்தத் தரவுப் பாய்வு மாதிரி ஏற்றது?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெட்டப்படும் செம்பனைக் குலைகளை நாள்கணக்கில் போட்டுவைக்க முடியாது. அடிபட்ட பழத்தில் நேரம் ஆக ஆகக் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்குவதால், வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆவியில் வேகவைத்துவிடவே ஒவ்வோர் ஆலையும் பார்க்கும். பழத்தைப் பிழியும் ஸ்குரூ பிரஸ் நின்றுவிட்டால் அதற்கு முந்தைய வேலைகள் எல்லாம் தேங்கி, இறக்குமேடையில் குலைகள் குவியத் தொடங்கும். பிரஸ்ஸை ஓட்டும் கியர்பாக்ஸ் உடைவதற்குச் சில வாரங்கள் முன்பே அதன் அதிர்வில் அறிகுறி தெரியும் என்பதால், அந்த அதிர்வை இரவும் பகலும் கண்காணிக்கும் சிறு கருவி ஒன்றைச் செய்ய இவ்வூர்ப் பட்டறைக்காரர்களும் பாலிடெக்னிக் முடித்த இளைஞர்கள் சிலரும் சேர்ந்து முயன்று வருகிறோம். சென்சார், பலகை, பெட்டி ஆகியவற்றில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மென்பொருளை எந்தக் கணக்கீட்டு மாதிரியின்மேல் கட்டுவது என்பதில் மட்டும் முடிவு எட்டாமல் இருப்பதால், கைவசம் உள்ள வழிகளை ஒப்பிட்டு என் பரிந்துரையை இங்கே எழுதுகிறேன்.

தரவுப் பாய்வு என்று பொதுவாகச் சொல்லப்படும் குடும்பத்தில் எல்லா மாதிரிகளுக்கும் அடிப்படை ஒன்றே. கணக்கீடு தனித்தனிக் கணுக்களாகப் பிரிக்கப்படும். ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு, டோக்கன் எனப்படும் சிறு அலகுகளாக, முதலில் வந்தது முதலில் போகும் வரிசை வழியாகச் செல்லும். தனக்கு வேண்டிய டோக்கன்கள் வந்து சேர்ந்த கணு இயங்கும். சமிக்ஞைச் செயலாக்கத்துக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. வடிகட்டி, சமிக்ஞையை அலைவெண்களாகப் பிரிக்கும் எஃப்.எஃப்.டி., சாம்பிள் (ஒரு கணத்தின் அளவீடு) வரும் வீதத்தைக் குறைக்கும் கணு என்று நாம் காகிதத்தில் வரையும் படமே நிரலின் வடிவமாகிவிடுகிறது. மாதிரிக்கு மாதிரி மாறுவது ஒரு கணு ஒருமுறை இயங்கும்போது எத்தனை டோக்கன்களை எடுக்கும், எத்தனை தரும் என்பதை எவ்வளவு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடுதான். கட்டுப்பாடு இறுக இறுக, இயக்கிப் பார்க்காமலே நிரலைப் பற்றி நிறுவக்கூடியவை கூடுகின்றன. தளரத் தளர, எழுதக்கூடிய நிரல்களின் வகை விரிகிறது.

தளர்ந்த முனையில் இருப்பது பிரெஞ்சுக் கணினி அறிஞர் ஜில் கான் 1974ஆம் ஆண்டு முன்வைத்த செயல்முறை வலையமைப்பு. இறுகிய முனையில் இருப்பது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லீயும் டேவிட் மெசர்ஷ்மிட்டும் 1987இல் வெளியிட்ட, சிங்க்ரனஸ் டேட்டாஃப்ளோ, சுருக்கமாக எஸ்.டி.எஃப்., என்று அழைக்கப்படும் மாதிரி. இவ்விரண்டுக்கும் நடுவே, அதே பெர்க்லியில் ஜோசப் பக் 1993இல் ஆராய்ந்த பூலியன் தரவுப் பாய்வும், பெல்ஜியத்தின் லூவனில் உருவாகி 1996இல் விரிவாக வெளியான சி.எஸ்.டி.எஃப். (சைக்ளோ-ஸ்டேட்டிக் டேட்டாஃப்ளோ) மாதிரியும், நெதர்லாந்தின் ஐந்தோவனில் 2006இல் முன்வைக்கப்பட்ட சூழல்சார் தரவுப் பாய்வும் இருக்கின்றன. பட்டியல் இதோடு முடிவதில்லை என்றாலும் எங்கள் முடிவுக்கு இவை போதும்.

எஸ்.டி.எஃப். மாதிரியில் ஒவ்வொரு கணுவும் ஒவ்வொரு முறையும் எடுக்கும் எண்ணிக்கையும் தரும் எண்ணிக்கையும் மாறாத முழு எண்கள். எங்கள் கருவியையே எடுத்துக்கொள்வோம். சாம்பிள் எடுக்கும் கணு ஒருமுறை இயங்கும்போது அதிர்வுச் சாம்பிள் 8, மோட்டாரின் மின்னோட்டச் சாம்பிள் 1 தருகிறது. அது நொடிக்கு 3,200 முறை இயங்குவதால் அதிர்வு நொடிக்கு 25,600 சாம்பிளாகவும் மின்னோட்டம் 3,200 சாம்பிளாகவும் வருகின்றன. பேரிங்கில் விழுந்த சிறு குழி ஒவ்வொரு தட்டலிலும் உயர் அலைவெண்ணில் உலோகத்தை அதிரவைக்கும் என்பதால், அந்த அதிர்வின் மேலுறையை, அதாவது அலையின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோட்டை, பிரித்தெடுக்கும் கணு 10 சாம்பிளை எடுத்து 1 தருகிறது. எஃப்.எஃப்.டி. கணு 1,024 எடுத்து, எந்த அலைவெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் ஒரு ஸ்பெக்ட்ரம் தருகிறது. கடைசியில் ஒப்பிடும் கணு ஒரு ஸ்பெக்ட்ரத்தையும், பிரஸ் எவ்வளவு சுமையில் ஓடியது என்பதை அறிய 1,280 மின்னோட்டச் சாம்பிளையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சுற்றுக்குள் போட்டதும் எடுத்ததும் சமமாக வேண்டும் என்று எழுதினால் கிடைப்பவை சமநிலைச் சமன்பாடுகள். அவற்றைத் தீர்த்தால், சாம்பிள் கணு 1,280 முறை, மேலுறைக் கணு 1,024 முறை, எஃப்.எஃப்.டி. ஒருமுறை, ஒப்பிடும் கணு ஒருமுறை என்று விடை வருகிறது. இந்த ஒரு சுற்று சரியாக 0.4 நொடி. சுற்றின் முடிவில் எல்லா வரிசைகளும் தொடங்கிய நிலைக்கே திரும்பிவிடுவதால், ஒரு சுற்றுக்குப் போதுமான நினைவகம் ஓராண்டு ஓடினாலும் போதும்.

இந்த உறுதியின் மதிப்பு, எண் தவறும்போது தெரியும். சாம்பிள் வீதத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ள விரும்பி யாரோ ஒருவர் மேலுறைக் கணுவின் 10ஐ 8ஆக மாற்றிவிட்டு, ஒப்பிடும் கணுவின் 1,280ஐத் தொடாமல் விட்டதாகக் கொள்வோம். அதிர்வுப் பாதையின்படி ஒரு ஸ்பெக்ட்ரத்துக்குச் சாம்பிள் கணு 1,024 முறை இயங்க வேண்டும். மின்னோட்டப் பாதையின்படி 1,280 முறை. இரண்டையும் நிறைவு செய்யும் விடை பூச்சியம் மட்டுமே என்பதால், நிரலைத் தொகுக்கும்போதே கருவி மறுத்துவிடும். இதே பிழை தளர்ந்த மாதிரியில் எழுதப்பட்ட நிரலில் நடந்தால் தொகுப்பி ஒன்றும் சொல்லாது. நிரல் ஓடத் தொடங்கும். 0.4 நொடிக்குக் கால் ஸ்பெக்ட்ரம் வீதம் மிகையாகச் சேரும். ஒரு ஸ்பெக்ட்ரம் 4,096 பைட் என்றால் நொடிக்கு 2,560 பைட். 256 கிலோபைட் நினைவகம் உள்ள மைக்ரோகண்ட்ரோலரில் இது இரண்டு நிமிடத்துக்குள் வெளிப்பட்டுவிடும் என்பது ஓர் ஆறுதல். 512 மெகாபைட் உள்ள சிறு கணினிப் பலகையிலோ, அந்த நினைவகம் முழுவதும் இதற்கே கிடைத்தாலும் நிரம்ப ஏறத்தாழ 58 மணி நேரம் ஆகும். பட்டறை மேசையில் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தாலும் குறை தெரியாது. ஆலையில் மாட்டிய மூன்றாம் நாள்தான் அது நிற்கும். வரிசைக்கு நீள வரம்பு வைத்து, இடமில்லாதபோது வரும் சாம்பிளைத் தள்ளிவிடும்படி எழுதியிருந்தால் நிரல் நிற்காது, ஆனால் நெருக்கடி பின்னோக்கிப் பரவிச் சாம்பிள் கணுவை எட்டி, அதிர்வுச் சாம்பிள்கள் சத்தமில்லாமல் தொலையும். எனக்கு இந்த இரண்டாவது விளைவே அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் கருவி நலமாக ஓடுவதாகத்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பெருநகரத்துத் தொழிற்சாலையில் இந்தக் கவலையின் எடை வேறு. அங்கே கருவி நின்றால் அடுத்த அறையில் இருப்பவர் வந்து பார்ப்பார். இங்கே பெட்டி இருப்பது பிரஸ் தளத்தின் இரும்புத் தூணில், எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் படியும் இடத்தில். இரவு ஷிஃப்டில் அதைத் தொடக்கூடியவர் மின்சாரப் பொறுப்பாளரான சார்ஜ்மேன் ஒருவர்தான், அவருக்கும் அந்நேரம் ஆயிரம் வேலை இருக்கும். ஈப்போவிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே, ஓடவிட்ட பிறகு கவனித்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணத்தைவிட, ஓடுவதற்கு முன்பே எவ்வளவு நிறுவிக்கொள்ள முடியும் என்ற கேள்வியையே நான் முதன்மையான அளவுகோலாக வைக்கிறேன்.

எஸ்.டி.எஃப். மாதிரியின் இரண்டாவது நன்மை, இயக்க அட்டவணையை நாமே தேர்ந்தெடுக்க முடிவது. மேற்சொன்ன வரைபடத்தில் முதல் இரண்டு கணுக்களுக்கு இடையிலுள்ள வரிசையை மட்டும் பாருங்கள். சாம்பிள் கணுவை 1,280 முறையும் தொடர்ந்து இயக்கிவிட்டுப் பிறகு மேலுறைக் கணுவை 1,024 முறை இயக்கினால் நிரல் எளிது, ஆனால் வரிசையில் 10,240 சாம்பிளுக்கு இடம் வேண்டும். முன்னதை 5 முறை, பின்னதை 4 முறை என்று வைத்து இந்தச் சிறு சுழற்சியை 256 முறை திருப்பினால் 40 சாம்பிளுக்கு இடம் போதும். ஒவ்வொரு முறையும் பின்னது இயங்க முடிந்தவுடன் இயக்கிக்கொண்டே போனால் 16 வரை இறக்கலாம், ஆனால் அட்டவணை சீரற்றுப் போகும். இந்தத் துறையில் அனைவரும் எடுத்துக்காட்டும் கணக்கு ஒன்று உண்டு: குறுந்தட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை டேட் எனப்படும் டிஜிட்டல் ஒலிநாடாவின் 48 கிலோஹெர்ட்ஸுக்கு நான்கு படிகளில் மாற்றுவது. அதில் விகிதம் 147க்கு 160. ஒரு கணுவை முழுவதும் முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போகும் தட்டையான அட்டவணைக்கு 1,021 டோக்கன் இடம் வேண்டும்; ஒவ்வொரு கணுவும் நிரலில் ஒரே ஓர் இடத்தில் வரும்படியே சுழற்சிக்குள் சுழற்சியாக உள்ளடுக்கிய அட்டவணைக்கு 264 போதும். சிறு நினைவகச் சிப்பில் வேலை செய்பவர்களுக்கு இந்த வித்தியாசம், வேறு சிப் வாங்க வேண்டுமா இல்லையா என்பதையே தீர்மானிக்கிறது.

ஆயினும் எஸ்.டி.எஃப். மாதிரிக்கு ஒரு பலவீனம் உண்டு, அது எங்கள் இயந்திரத்திலேயே தலைகாட்டுகிறது. மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,470 சுற்று ஓடினாலும் பிரஸ்ஸின் ஸ்குரூ நிமிடத்துக்குப் பத்துச் சுற்று போலத்தான் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஆறு நொடி ஆகும் தண்டின் நிலையை 0.4 நொடித் துண்டில் காண முடியாது. எனவே மேலுறைச் சாம்பிளை மேலும் 64 மடங்கு குறைத்து நொடிக்கு 40 ஆக்கி, அதில் 1,024ஐச் சேர்த்து இன்னொரு எஃப்.எஃப்.டி. செய்து, தனிக் கணுவில் ஒப்பிட வேண்டும். அந்த எஃப்.எஃப்.டி. 25.6 நொடியைப் பார்க்கும். இதைச் சேர்த்தவுடன் முழு வரைபடத்தின் ஒரு சுற்றும் 25.6 நொடி ஆகிவிடுகிறது, சாம்பிள் கணு அதற்குள் 81,920 முறை இயங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு இயக்கத்தையும் தனிக் கணுவாக விரித்து ஆராயும் வழக்கமான பகுப்பாய்வு முறையில், காகிதத்தில் ஏழே கணுவாக இருந்த படம் ஏறத்தாழ 148,600 கணுவாகப் பெருகும். இதைக் கண்டு மாதிரியையே கைவிட வேண்டியதில்லை. சாம்பிள்களைச் செயலியின் உதவியின்றி நினைவகத்தில் சேர்க்கும் நேரடி நினைவகப் பரிமாற்றம் வழியாக 0.4 நொடிக்கு ஒருமுறை மொத்தக் கட்டாக எடுத்துக்கொண்டால், முன்வரிசைக் கணுக்கள் எல்லாம் ஒரு சுற்றுக்கு 64 முறை என்ற அளவுக்கு இறங்கிவிடும். அதற்கு விலையாகப் பதில் 0.4 நொடி தாமதமாகும், கட்டைப் பிடித்துவைக்க நினைவகமும் கூடும். வாரக்கணக்கில் முற்றும் பழுதுக்கு 0.4 நொடி ஒரு பொருட்டே இல்லை.

சி.எஸ்.டி.எஃப். மாதிரியை இந்த இடத்தில் ஒப்பிடுவது பொருத்தம். இதில் கணுவின் எண்கள் மாறலாம், ஆனால் முன்கூட்டியே சொன்ன ஒரு சுழற்சியின்படிதான் மாற வேண்டும். நான்கு சென்சார்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் படித்து நான்கு பாதைகளுக்குப் பிரித்தனுப்பும் கணுவை எஸ்.டி.எஃப். முறையில் எழுதினால், நான்கும் வந்து சேரும்வரை அது காத்திருந்து நான்கையும் ஒன்றாக வெளியிடும். சி.எஸ்.டி.எஃப். முறையில் முதல் கட்டத்தில் முதல் பாதைக்கு ஒன்று, அடுத்த கட்டத்தில் இரண்டாம் பாதைக்கு ஒன்று என்று வந்தவுடனே அனுப்பலாம். 10 எடுத்து 1 தரும் மேலுறைக் கணுவையும் பத்துக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சாம்பிளை வாங்கிக் கணக்கில் ஒரு பகுதியைச் செய்து, கடைசிக் கட்டத்தில் மட்டும் விடையைத் தருமாறு எழுதலாம். வேலைப்பளு சீராகப் பரவும். பின்னூட்டச் சுழலில் ஒரே ஒரு தொடக்க டோக்கன் மட்டும் இருக்க, கணு இரண்டு வேண்டும் என்று கேட்டால் எஸ்.டி.எஃப். வரைபடம் வராத டோக்கனுக்குக் காத்து முட்டுக்கட்டையில் நிற்கும்; அதே கணு ஒன்று, ஒன்று என்று இரு கட்டமாக எடுத்தால் ஓடிவிடும். இவ்வளவு நெகிழ்ச்சிக்குப் பிறகும் சமநிலைச் சமன்பாடு, நினைவக வரம்பு, முட்டுக்கட்டை சோதனை எல்லாம் முன்கூட்டியே செய்யத்தக்கவையாகவே இருக்கின்றன. பகுப்பாய்வு சற்று நீளும், கணுவை எழுதுபவர் கட்டங்களைச் சரியாக நினைவில் வைத்திருக்க வேண்டும். மொத்தக் கட்டாகச் சாம்பிள் எடுக்க முடிவு செய்துவிட்டால் இந்த நெகிழ்ச்சியின் தேவை பெரிதும் குறைந்துவிடுகிறது. சென்சார்களைப் பிரிக்கும் முதல் கணுவுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி எதிர்முனை. கானின் வலையமைப்பில் ஒவ்வொரு கணுவும் தன்போக்கில் ஓடும் தொடர்நிரல். வரிசையில் டோக்கன் இல்லாவிட்டால் அது வரும்வரை காத்திருந்தே படிக்க வேண்டும். "இருக்கிறதா" என்று எட்டிப் பார்க்க அனுமதி இல்லை. இந்த ஒற்றைத் தடையிலிருந்து மிக அழகான ஒரு பலன் கிடைக்கிறது: எந்தக் கணு எப்போது, எதற்கு முன்பின்னாக இயக்கப்பட்டாலும் ஒவ்வொரு வரிசையிலும் செல்லும் டோக்கன்களின் தொடர் ஒன்றேயாக இருக்கும். ஆலையில் பதிவு செய்த மூலச் சாம்பிள்களைக் கொண்டுவந்து வீட்டுக் கணினியில் ஓட்டினால் அதே எச்சரிக்கை அதே இடத்தில் வரும். பழுது தேடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எஸ்.டி.எஃப். மாதிரிக்கும் இந்தப் பண்பு இயல்பாகவே உண்டு.

தடை தளர்ந்ததற்கு விலை நினைவகத்தில் விழுகிறது. கானின் வரைவில் வரிசைகளுக்கு நீள வரம்பே இல்லை. ஒரு வலையமைப்பு வரம்புக்குட்பட்ட நினைவகத்தில் ஓயாமல் ஓடுமா என்பதைப் பொதுவாக முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது. பூலியன் தரவுப் பாய்விலும் இதே நிலைதான்: டோக்கனின் மதிப்பைப் பார்த்துப் பாதையைத் திருப்பும் இரண்டே கணுக்களைச் சேர்த்த உடனே அது எந்தக் கணினி நிரலையும் எழுதக்கூடிய வலிமை பெற்றுவிடுகிறது, அந்த வலிமையுடனேயே இந்தத் தீர்மானிக்க முடியாமையும் வந்துவிடுகிறது. ஆய்வாளர் தாமஸ் பார்க்ஸ் 1995இல் சொன்ன நடைமுறைத் தீர்வு பரவலாகப் பயன்படுகிறது: சிறு வரிசைகளுடன் தொடங்கு, நிரம்பிய வரிசைகளால் எல்லாம் நின்றுபோனால் நிரம்பியவற்றில் மிகச் சிறியதைப் பெரிதாக்கு, தொடர்ந்து ஓடு. வலையமைப்பின் ஒரு பகுதி மட்டும் நின்று மற்றவை ஓடிக்கொண்டிருந்தால் இம்முறை கவனிக்கத் தவறும் என்பதை 2003இல் ஆய்வாளர்கள் கெய்லனும் பாஸ்டனும் எடுத்துக்காட்டி அதைத் திருத்தினார்கள். மேசைக் கணினியில் இது நல்ல தீர்வு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகம் கேட்கும் நிரலை, பூட்டிய பெட்டிக்குள் வைத்துத் தூணில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

இளைஞர்கள் பலரும் க்னூ ரேடியோவைப் பரிந்துரைக்கிறார்கள். எரிக் பிளாசம் 2001இல் தொடங்கிய அந்தத் திறந்த மென்பொருளில் ஆயத்தமான கணுக்கள் ஏராளம், வரைபடமாக இழுத்துப் போட்டு இணைக்கலாம், கற்க ஆள் உதவியும் இணையத்தில் உண்டு. வீதம் மாறாத கணுக்களை அது தனியாக அடையாளம் காட்டச் சொல்கிறது என்றாலும், ஒவ்வொரு கணுவும் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் தனி இழையில் ஓடி, எவ்வளவு எடுத்தது, எவ்வளவு தந்தது என்பதை ஓடும்போதே அறிவிக்கும் அமைப்பு அது. சமநிலைச் சமன்பாட்டை முன்கூட்டித் தீர்த்து மறுக்கும் பொறுப்பை அது ஏற்பதில்லை. வடிகட்டியின் அலைவெண் எல்லைகளைத் தேடும் ஆய்வுக் கட்டத்துக்கு நான் அதை மனமார ஆதரிக்கிறேன். ஆலையில் நிலையாக இருக்கப்போகும் பலகைக்கு வேறு வழி தேவை.

தளர்ந்த மாதிரியை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செம்பனை ஆலைகள் பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த ஆவியால் டர்பைன் ஓட்டித் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்குபவை. டர்பைனின் வேகம் சுமைக்கேற்பச் சற்று ஏறி இறங்கினால் அலைவெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து நகரும், மோட்டாரின் வேகமும் கூடவே நகரும், ஸ்பெக்ட்ரத்தில் பேரிங்கின் கோடு மங்கிப் பரவும். இதைச் சரிசெய்ய, நேரத்துக்கு இத்தனை சாம்பிள் என்பதை விட்டுத் தண்டின் ஒரு சுற்றுக்கு 256 சாம்பிள் என்று மறுபடியும் எடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 1,470 சுற்று என்ற வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 1,045 மூலச் சாம்பிள் செலவாகும். வேகம் இரண்டு விழுக்காடு மாறினால் அந்த எண்ணிக்கை இருபதுக்கு மேல் கூடும் குறையும். எடுக்கும் எண்ணிக்கை தரவைப் பொறுத்து மாறுகிறது என்றால் எஸ்.டி.எஃப். எப்படிப் பொருந்தும் என்று கேட்கிறார்கள்.

பொருத்தலாம். டோக்கனின் அளவை மாற்றிக்கொண்டால் போதும். மறுசாம்பிள் செய்யும் கணு ஒவ்வொரு 0.4 நொடிக்கும் 10,240 மூலச் சாம்பிளை எடுக்கட்டும். வெளியே ஒரே ஒரு பொட்டலம் தரட்டும். பொட்டலத்தில் 11 சுற்றுக்கான இடம், அதாவது 2,816 சாம்பிளுக்கான இடம், எப்போதும் உண்டு. உள்ளே உண்மையில் எத்தனை முழுச் சுற்று இருக்கிறது என்ற எண்ணும் கூடவே செல்லும். வழக்கமான வேகத்தில் ஒன்பது முழுச் சுற்றுகளாவது இருக்கும். அடுத்த கணு அவற்றில் எட்டை, அதாவது 2,048 சாம்பிளை, எடுத்து எஃப்.எஃப்.டி. செய்துவிட்டு மீதியை விட்டுவிடும். எட்டுக்குக் குறைந்தால் அந்தப் பொட்டலத்தைச் செல்லாது என்று குறித்து அனுப்பும். எண்ணிக்கைகள் மாறாமல் இருக்கின்றன. மாறுவது உள்ளடக்கம் மட்டும். கொஞ்சம் தரவு வீணாகிறது என்பது உண்மைதான், ஆனால் நாளெல்லாம் சுழலும் தண்டில் இந்த இழப்பால் எந்தச் செய்தியும் தவறாது.

பிரஸ் வெறுமையாக ஓடும்போது பகுப்பாய்வைத் தவிர்க்க வேண்டும் என்ற தேவைக்கும் இதே விடை. மின்னோட்டத்தைப் பார்த்துப் பாதையைத் திருப்பப் பூலியன் கணு தேவையில்லை. எப்போதும் கணக்கிட்டு, விடையோடு சுமை அளவையும் சேர்த்து அனுப்பி, ஒப்பிடும் கணுவில் தள்ளிவிடலாம். செலவைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 64 குணகங்கள் உள்ள வடிகட்டி நொடிக்கு 25,600 சாம்பிளில் ஓடினால் ஏறத்தாழ 16 லட்சம் பெருக்கல்; எஃப்.எஃப்.டி. சேர்த்தாலும் இன்றைய மைக்ரோகண்ட்ரோலருக்கு இது சுமையே அன்று. பெட்டிக்கு ஆலையின் மின்சாரமே வருவதால் மிச்சப்படுத்தவும் காரணம் இல்லை. பேட்டரியில் ஓடும் கருவி என்றால் என் தீர்ப்பு மாறும். அப்போது சூழல்சார் மாதிரியே பொருத்தம்: நின்றிருக்கும் நிலை, வெறும் ஓட்டம், சுமை ஓட்டம் என்று மூன்று நிலைகளுக்கும் தனித்தனி எஸ்.டி.எஃப். வரைபடம் எழுதி, ஒரு சுற்று முடியும் எல்லையில் மட்டும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். நிலைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதால் மிக மோசமான வேகத்தையும் நினைவகத்தையும் அப்போதும் முன்கூட்டியே கணிக்க முடியும். 25.6 நொடிப் பாதையை மட்டும் மூன்று நிலைகளுக்கும் பொதுவாக வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சாளரம் நடுவிலேயே அறுந்துவிடும்.

உண்மையிலேயே தளர்ந்த மாதிரி வேண்டிய பணிகளும் இருக்கின்றன. வீடியோ நீரோட்டத்தைப் பிரித்துப் படிப்பது போன்ற வேலையில் அடுத்து எத்தனை பிட் எடுக்க வேண்டும் என்பதே முந்தைய பிட்களில் எழுதியிருக்கும். அங்கே பொட்டல உத்தியைத் திணித்தால் நிரல் கோணலாகிவிடும். எங்கள் கருவியில் அப்படிப்பட்ட கணு எதுவும் இல்லை.

வெளியுலகத்தோடு பேசும் பகுதி மீதமிருக்கிறது. தோட்டத்துக்குள் கைப்பேசி அலை ஒரு பக்கம் கிடைக்கும், ஒரு பக்கம் கிடைக்காது. எச்சரிக்கை அனுப்பும் நிரல் சில நேரம் நெடுநேரம் காத்திருக்க நேரும். சென்சாரின் கம்பி அறுந்தால், காத்திருந்தே படிக்கும் கணு என்றென்றைக்கும் காத்திருக்கும். "இவ்வளவு நேரத்தில் வராவிட்டால்" என்ற நிபந்தனை கானின் மாதிரியிலும் இல்லை, எஸ்.டி.எஃப். மாதிரியிலும் இல்லை; அதை உள்ளே நுழைத்தால் விடை ஒன்றேயாக இருக்கும் பண்பு போய்விடும். ஆகவே இவ்விரண்டையும் வரைபடத்துக்கு வெளியே நிறுத்துவதுதான் முறை. சாம்பிள் கட்டு குறித்த நேரத்தில் வராவிட்டால் வன்பொருள் டைமர் செல்லாத குறியிட்ட வெற்றுக் கட்டு ஒன்றை உள்ளே போடட்டும். வரைபடத்தைப் பொறுத்தவரை டோக்கன் தவறாமல் வருகிறது. அனுப்பும் பக்கம் நீள வரம்புள்ள ஒரு வரிசை இருக்கட்டும். அது நிரம்பினால் பழைய அளவீடு விழட்டும், ஆனால் எச்சரிக்கைகளுக்குத் தனி வரிசை வைத்து அவற்றைத் தள்ளாமல் காக்க வேண்டும்.

என் பரிந்துரை இது. சென்சார்களைப் பிரிக்கும் முதல் கணு சி.எஸ்.டி.எஃப்., அதன் பின் ஒப்பிடும் கணு வரை எஸ்.டி.எஃப்., விளிம்பில் டைமரும் அனுப்பும் வரிசையும். ஐந்தோவனில் உருவான எஸ்.டி.எஃப்.3 என்ற கருவியில் வரைபடத்தைக் கொடுத்து வரிசைகளின் நீளத்தையும் முட்டுக்கட்டையின்மையையும் முதலில் சரிபார்த்துவிட்டு, அந்த அட்டவணையை மைக்ரோகண்ட்ரோலரில் சாதாரண சி மொழிச் சுழற்சியாகவே எழுதலாம்; இயக்க முறைமைகூடத் தேவைப்படாது. யார் ஒரு கணுவின் எண்ணை மாற்றினாலும் அந்தச் சரிபார்ப்பு தானாக ஓடும்படி வைத்துவிட்டு, அதில் தேறாத நிரலைப் பலகையில் ஏற்றக் கூடாது என்ற விதியை நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டால், அடுத்த வாரமே மேலுறைக் கணுவை எழுதத் தொடங்கலாம்.